அத்தியாயம் 7: இரவல் முயலுக்கு இரண்டு வேளை ஓட்டம்

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும் சேலம், நாமக்கல் வட்டாரத் தெருக்களில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். ஏற்காட்டுக்கோ, குலதெய்வம் கோயிலுக்கோ, பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்கோ கிளம்பும் குடும்பம் ஒன்று பக்கத்து வீட்டு வாசலில் வந்து நிற்கும். கையில் கம்பிக் கூண்டு. உள்ளே மூக்கு துடிக்க ஒரு வெள்ளை முயல்.

"நாலு நாளைக்குத்தானுங்க அக்கா. காலையில கொஞ்சம் தீவனம், ஒரு கிண்ணம் தண்ணி, அவ்வளவுதான்."

"அதுக்கென்ன கண்ணு, நிம்மதியாப் போயிட்டு வாங்க. கூண்டைத் திறக்கவே மாட்டேன். பத்திரமா இருக்கும்."

இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். ஆனால் முயலுக்குக் கேடு வருவது அந்தக் கடைசி வாக்குறுதியில்தான். சொந்த முயல் என்றால் அறைக்குள் திறந்துவிடத் தயங்காதவர்கள்கூட அடுத்தவர் முயல் என்றதும் பயந்துவிடுகிறார்கள். ஓடிப் போய்விட்டால், நாய் கடித்துவிட்டால், கட்டில் அடியில் புகுந்து வெளியே வராமல் அடம்பிடித்தால் யார் பதில் சொல்வது? அந்தப் பயத்தில் கூண்டுக் கதவு நான்கு நாளும் மூடியே கிடக்கிறது. தீவனமும் தண்ணீரும் குறைவில்லாமல் கொடுத்தும் ஐந்தாம் நாள் முயல் சுருண்டு கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரவல் முயலைப் பார்த்துக்கொள்வதில் பாதி வேலை அதை ஓடவிடுவது. எப்போது, எங்கே, எப்படி ஓடவிடுவது என்பதை நம் ஊர் வெயிலையும் வீடுகளையும் கணக்கில் வைத்து இந்த அத்தியாயம் விளக்குகிறது.

ஓட்டம் நின்றால் குடல் தளரும்

முயலின் குடல் ஓயாமல் ஓடும் செக்கு மாதிரி. முன்பக்கம் நார்த்தீவனம் போய்க்கொண்டே இருக்க வேண்டும், பின்பக்கம் புழுக்கை விழுந்துகொண்டே இருக்க வேண்டும். நாயும் பூனையும் எடுப்பதுபோல முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கி நகர்ந்தே ஆக வேண்டும். அந்த நகர்வுக்கு உதவுபவை இரண்டு: காய்ந்த புல்லில் இருக்கும் நார், உடலின் அசைவு. புல்லைக் குறைத்தாலும் அசைவை நிறுத்தினாலும் குடல் மந்தமாகிறது, வாயு சேர்கிறது, வயிறு வலிக்கிறது. வலித்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குடல் இன்னும் தளர்கிறது. கால்நடை மருத்துவர்கள் குடல் இயக்கத் தேக்கம் என்று சொல்லும் இந்தச் சுழல் ஓரிரு நாளில் உயிரையே வாங்கிவிடும். 12 மணி நேரம் ஒரு முயல் எதையும் தின்னவில்லை என்றால் அது அவசர நிலை. மறுநாள் காலை வரை பொறுத்துப் பார்க்கக் கூடாது.

குடலோடு விஷயம் முடியவில்லை. முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் 7 முதல் 8 விழுக்காடுதான். பூனைக்கு இது 12 முதல் 13 விழுக்காடு. அவ்வளவு மெல்லிய எலும்பின் மேல் வலுவான பின்னங்கால் தசை உட்கார்ந்திருக்கிறது. நாள் கணக்கில் அடைந்து கிடக்கும் முயலுக்கு எலும்பு மேலும் மெலியும், தசை வாடும், உடலில் கொழுப்பு ஏறும். நாய், பூனைக்கு இருப்பது போன்ற பஞ்சுப் பாதம் முயலுக்குக் கிடையாது. மயிர் மட்டுமே மெத்தை. கம்பித் தரையில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த மயிர் தேய்ந்து, தோல் சிவந்து, குதிகாலில் புண் வரும். பண்ணைக் கூண்டில் புழுக்கை கீழே விழுவதற்காகப் போட்ட கம்பித் தரையையே வீட்டு முயலுக்கும் வாங்கி வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய. அப்படிப்பட்ட கூண்டு வந்தால், பாதித் தரையிலாவது ஒரு பலகையோ தடித்த சாக்கோ விரித்துவிட வேண்டும்.

இது வெறும் அன்புக்கான விஷயம் மட்டும் அல்ல. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், விலங்கு நியாயமான அளவு நடமாட இடம் தராத கூண்டில் அதை அடைத்து வைப்பதைக் குற்றமாகச் சேர்த்திருக்கிறது. எத்தனை அடி என்று அந்தப் பிரிவு முயலுக்குத் தனியாக அளவு சொல்லவில்லை. பிரிட்டனில் இயங்கும் முயல் நல அமைப்பு ஒன்று ஓர் அளவு சொல்கிறது. ஒரு ஜோடி முயலுக்கு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் உள்ள இடம் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. நம் கணக்கில் ஏறக்குறைய பத்தடிக்கு ஆறரை அடி, அதாவது ஒரு சின்ன படுக்கையறை. முயல் மூன்று தாவு தாவவும், பின்னங்காலில் நிமிர்ந்து நின்று காதை உயர்த்திப் பார்க்கவும் அவ்வளவு இடம் தேவைப்படுகிறது. நாள் முழுக்க அந்த இடத்தை ஒதுக்க முடியாத வீட்டில், காலையும் மாலையும் சேர்த்து நான்கு மணி நேரமாவது கூண்டுக் கதவு திறந்திருக்க வேண்டும்.

குளிர்நாட்டுப் பிராணி, வெயில் ஊர்

வயலில் குறுக்கே பாயும் காட்டு முயலைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு. அது இந்த வெயிலைத் தாங்குகிறதே, இது ஏன் தாங்காது?

இரண்டும் வெவ்வேறு இனம். நம் கொல்லைக்காட்டில் ஓடுவது இந்தியக் காட்டு முயல். அது வளை தோண்டாது. அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவல். பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். கூண்டில் வரும் வளர்ப்பு முயலின் முன்னோர் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம், மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்தவை. பகல் சூட்டில் குளிர்ந்த வளைக்குள் முடங்கி, விடியலிலும் அந்தியிலும் வெளியே வந்து மேய்ந்தவை. குட்டி அம்மணமாக, கண் மூடிப் பிறப்பதும் வளைக்குள் வாழும் பழக்கத்தால்தான். தமிழ்நாட்டில் முயல் இனவிருத்தி ஆராய்ச்சிக்குப் பேர்போன இடங்களைப் பார்த்தாலே இது விளங்கும். ஒன்று நீலகிரியில் சாண்டிநல்லா, மற்றொன்று கொடைக்கானல் மலையில் மன்னவனூர். சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் போன்ற இனங்கள் குளிர்ந்த மலையில் நன்றாகத் தேறுகின்றன.

முயலுக்கு வியர்க்காது என்றே சொல்லலாம். உடல் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் பெரிய வழி காது. காதில் ஓடும் இரத்தக் குழாய்கள் விரிந்து சூட்டைக் காற்றில் விடுகின்றன. சுற்றிலும் காற்றே சூடாக இருந்தால் அந்த வழியும் அடைபடுகிறது. வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இருந்தால் முயலுக்கு நிம்மதி. 30 டிகிரியைத் தாண்டினால் திணறல். சேலத்திலோ சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் வருகின்றன. 2024 ஏப்ரலில் 41 டிகிரியையும் தாண்டியது.

ஆகவே இந்தச் சமவெளியில் முயலின் ஓட்டத்துக்கு நேரம் குறிப்பது சூரியன். நல்ல வேளையாக, வெயில் இல்லாத நேரமே முயலுக்குப் பிடித்த நேரமும்கூட. கோடையில் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை ஒரு வேளை, மாலை ஏழு மணிக்கு மேல் இன்னொரு வேளை. வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரத்தில் கதவைத் திறந்துவிட்டால், சமையல் முடிந்து எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் வரை அது ஓடித் திரியட்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் மறுபடி. நடுப்பகலில் முயல் கட்டையாகப் படுத்திருந்தால் அதைச் சோம்பல் என்று எண்ணி எழுப்பி விளையாடக் கூடாது. அது அதன் உறக்க நேரம்.

மார்கழி, தை மாதங்களில் கணக்கு மாறும். நாம் சால்வை போர்த்திக்கொள்ளும் அந்தக் காலைக் குளிர் முயலுக்குச் சுகமான பருவம். எட்டரை, ஒன்பது மணி வரைகூட ஓடவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளிரைவிட ஈரத்துக்கே பயப்பட வேண்டும். நனைந்த சாக்கும் சிறுநீர் தேங்கிய மூலையும் ஈயை அழைக்கும். பின்பக்க மயிரில் அசுத்தம் ஒட்டியிருந்தால் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடும். தீபாவளி இரவில் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ளறையில் ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப் பெட்டி வைத்து விட்டுவிட வேண்டும். அன்று ஓட்டம் வேண்டாம்.

கூண்டை வாங்கும்போதே கேட்க வேண்டியவை

முயலை ஒப்படைக்கும் அவசரத்தில் சொந்தக்காரர்கள் தீவனப் பையைக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். அவர்களைப் பத்து நிமிடம் உட்கார வைத்து ஒரு நோட்டில் எழுதி வாங்குவது நல்லது. ஆணா பெண்ணா, கருத்தடை செய்ததா, வயது என்ன, எந்தத் தீவனம், எத்தனை மணிக்கு, எவ்வளவு, தண்ணீர் கிண்ணத்திலா புட்டியிலா, எந்த அறையில் ஓடிப் பழகியது, கூப்பிட எந்தச் சத்தம் எழுப்புவார்கள், தூக்கினால் அடங்குமா உதறுமா, எதைக் கடிக்கும் பழக்கம் உண்டு, இதற்கு முன் என்ன நோய் வந்தது. இத்தனையும் அந்த நோட்டில் இருக்க வேண்டும்.

அடுத்தது எடை. ஒரு பையில் முயலை வைத்து, காய்கறிக்கடைத் தராசிலாவது நிறுத்து, தேதியோடு எழுதிவிட வேண்டும். திருப்பிக் கொடுக்கும் நாளில் மறுபடி நிறுத்தால் எதிலும் சண்டை வராது. இடையில் இளைத்தாலும் தெரிந்துவிடும். அவசரம் என்றால் எந்த மருத்துவரிடம் போவது, செலவு யாருடையது, கைப்பேசி எடுக்காவிட்டால் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதையும் கூச்சப்படாமல் பேசிவிட வேண்டும். நாமக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் சிகிச்சை வளாகம் இருக்கிறது. ஆத்தூர்ப் பக்கத்தாருக்குத் தலைவாசல் கல்லூரி. எங்கே போவதானாலும், முயலுக்கு மருத்துவம் பார்த்துப் பழகிய மருத்துவர் எந்த நாளில், எந்த நேரத்தில் இருப்பார் என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பது பாதி பாரத்தைக் குறைக்கும்.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே 50 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு முயலைக் கொண்டுவருவதானால் விடியற்காலையில் முடித்துவிட வேண்டும். மதியம் நிறுத்தி வைத்த காரும் வண்டியின் முன்னால் வெயில் படும்படி மாட்டிய பையும் முயலுக்கு அடுப்பு.

லாரித் தொழிலும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டித் தொழிலும் பெருத்த வட்டாரம் இது. மாதக்கணக்கில் வெளிமாநிலம் போகிறவர்கள் முயலை விட்டுச் செல்வதும் உண்டு. நாலு நாள் விருந்தாளிக்கும் ஒரு மாத விருந்தாளிக்கும் வேலை வேறு. நீண்ட நாள் என்றால் நகம் வெட்டுவது, மயிர் உதிரும் பருவத்தில் தினமும் சீவுவது, தீவனம் தீர்ந்தால் அதே தீவனம் எங்கே கிடைக்கும் என்பது எல்லாவற்றையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஓடும் இடத்தைத் தயார் செய்வது

நம் வீடுகளில் முதல் எதிரி தரை. வழவழப்பான டைல்ஸிலும் கிரானைட்டிலும் முயலின் மயிர்ப் பாதம் பிடிப்பதில்லை. கூண்டிலிருந்து இறங்கி முதல் தாவு தாவும்போது பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக வழுக்கும். நகம் கிறீச்சிடும். இரண்டாவது முறை வழுக்கியதும் அது அசையாமல் உட்கார்ந்துவிடும். "இந்த முயலுக்கு ஓடவே பிடிக்கவில்லை" என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். ஒரு பழைய பவானி ஜமுக்காளத்தையோ கோரைப்பாயையோ அறையின் நீளத்துக்கு விரித்துப் பாருங்கள் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்வார்கள். விரித்த ஐந்தாவது நிமிடத்தில் அதே முயல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும். ஓரத்தில் பிரிந்த நூலை மட்டும் வெட்டிவிட வேண்டும். கடித்து விழுங்கினால் குடலில் சிக்கும்.

இரண்டாவது எதிரி ஒயர். முயலின் முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்க்க எதையாவது கடித்தே ஆக வேண்டும். சார்ஜர் ஒயரும் ஃப்ரிட்ஜின் பின்பக்க ஒயரும் அதற்குத் தோதான உயரத்தில் தொங்குகின்றன. தரையில் கிடக்கும் ஒயரை எடுத்துவிட வேண்டும். எடுக்க முடியாததை எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டுவிடலாம். பீரோவுக்கும் சுவருக்கும் இடையே, கட்டிலுக்கு அடியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் என்று கை நுழையும் சந்து எல்லாவற்றையும் அட்டையோ தலையணையோ வைத்து அடைக்க வேண்டும். தலை நுழைந்த இடத்தில் முயல் முழுதாக நுழைந்துவிடும்.

மொட்டை மாடிதான் விசாலம் என்று பலருக்கும் தோன்றும். அங்கே விடும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும். பகல் முழுக்க வெயிலைக் குடித்த சிமெண்ட் தளம் அந்தி சாய்ந்த பிறகும் சுடும். வெறுங்காலை வைத்துப் பத்து எண்ணும் வரை நிற்க முடியாவிட்டால் முயலுக்கும் அது ஆகாது. மழைநீர்க் குழாய்த் துளையும் கைப்பிடிச் சுவரின் இடைவெளியும் அடைத்திருக்க வேண்டும். மேலே பருந்தும், பக்கத்து மாடியில் பூனையும் உண்டு என்பதால் ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும். தோட்டத்திலோ கொல்லையிலோ விடுவதானால் வலைத் தடுப்பு கட்டாயம். முயல் மண்ணைத் தோண்டி அடியில் புகுந்துவிடும் என்பதால் வலையின் அடியை அரை அடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். கீரியும் தெருநாயும் நம் பக்கம் சாதாரணம். இருட்டிய பின் புல்தரையில் விடவே கூடாது. விரியன் நடமாடும் நேரம் அது.

பொம்மைக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் வாய் திறந்த ஒரு அட்டைப் பெட்டி அதற்கு வளை. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் முக்கால் பாகம் சுத்தமான மண் போட்டால் தோண்டுகிற ஆசை தீரும். காய்ந்த புல்லைச் சுருட்டி அட்டைக் குழாய்க்குள் செருகி அறையின் நாலு மூலையில் வைத்தால் தேடித் தேடி ஓடும். கோழிப்பண்ணையிலிருந்து வந்த பழைய முட்டை அட்டைகளை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். கோழி எச்சத்தோடு கிருமியும் சேர்ந்து வரும்.

திறப்பது எப்படி, திரும்ப அடைப்பது எப்படி

வந்த அன்றைக்கு முயலைத் தொடவே வேண்டாம். புது வாசனை, புதுச் சத்தம், புது ஆட்கள். கூண்டைச் சத்தம் குறைந்த அறையில், பாதியைத் துணியால் மூடி, காற்று வரும்படி வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். அன்று மாலையோ மறுநாள் விடியற்காலையிலோ கதவைத் திறந்து வைத்து, இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டால் போதும். நின்றுகொண்டிருக்கும் மனிதர் முயலுக்கு மேலிருந்து பாயும் பருந்தின் நிழல். தரையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு மேடு. முதலில் மூக்கு வெளியே வரும், பிறகு ஒரு முன்னங்கால். பின்னங்கால் இன்னும் கூண்டுக்குள் ஊன்றியிருக்க, உடம்பை நீட்டி நீட்டி மோந்து பார்க்கும். பட்டென்று உள்ளே ஓடும். மறுபடி வரும். இதற்கு அரை மணி நேரம் ஆகலாம். கையை உள்ளே விட்டு இழுத்தால் அந்த அரை மணி நேரம் மூன்று நாளாக நீளும்.

பழகிவிட்டது என்பதற்கு ஒரு அடையாளம் இருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் முயல் திடீரென்று நாலு காலும் தரையை விட்டு எழும்பத் துள்ளி, காற்றிலேயே இடுப்பை ஒரு பக்கமும் தலையை மறுபக்கமும் முறுக்கி இறங்கும். பார்க்கிறவருக்குத் தூக்கிப் போட்டதுபோல் இருக்கும். பதற வேண்டாம், அது சந்தோஷத் துள்ளல். பிறகு பொத்தென்று ஒருக்களித்துச் சாய்ந்து படுத்தால், இந்த வீட்டை அது நம்பத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பின்னங்காலால் தரையை ஓங்கி உதைத்தால் எதையோ கண்டு பயந்திருக்கிறது. மோவாயைக் கதவிலும் நாற்காலிக் காலிலும் தேய்ப்பது தன் வாசனையைப் பூசி உரிமை கொண்டாடுவது.

திரும்ப அடைப்பதற்குத் துரத்தவே கூடாது. ஒரே ஒரு முறை துரத்திப் பிடித்தாலும் மறுநாள் கதவு திறந்தாலே மூலையில் ஒடுங்கும். இதற்கு எளிய வழி, தீவனத்தை ஓட்டத்துக்கு முன்னால் கொடுக்காமல் பின்னால் கொடுப்பது. இரண்டு மணி நேரம் ஓடிய முயல், தீவன டப்பாவைக் குலுக்கும் சத்தம் கேட்டால் தானாகக் கூண்டுக்குள் போய் நிற்கும். சொந்தக்காரர் எழுப்பும் அதே சத்தத்தையே எழுப்பினால் இன்னும் சுலபம்.

தூக்கியே ஆக வேண்டும் என்றால் காதைப் பிடித்துத் தூக்குவது மட்டும் கூடவே கூடாது. சந்தையில் அப்படித் தூக்குவதைப் பார்த்துப் பழகிய கைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, மறு கையால் பின்புறத்தை முழுதாகத் தாங்கி, உடனே நம் மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். பின்னங்கால் தொங்கினால் முயல் உதறும். அந்த உதறலின் வேகத்துக்கே அதன் முதுகெலும்பு முறிந்துவிடுவதுண்டு. குழந்தைகள் தரையில் உட்கார்ந்து தடவிக்கொடுக்கலாம். தூக்குவது பெரியவர்கள் வேலை.

தீவனத்தில் நம் ஊருக்கே உரிய ஆபத்துகள்

பழகிய தீவனத்தை மாற்றாமல் கொடுப்பதே இரவல் முயலுக்கான விதி. வளர்ந்த முயலின் உணவில் பெரும்பங்கு காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். அதன் உடம்பளவுக்கு ஒரு குவியல் எப்போதும் கண்ணில் பட வேண்டும். நிழலில் உலர்த்திய கொழுக்கட்டைப் புல்லும் அருகம்புல்லும் இதற்கு ஏற்றவை. குச்சித் தீவனம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் போதும். முள்ளங்கி இலை, கொத்தமல்லி, புதினா, வேலிமசால் ஒரு கைப்பிடி கொடுக்கலாம். பெயரிலேயே முயலைச் சுமக்கும் முயல் மசாலும் நல்ல பசுந்தீவனம்தான். ஆனாலும் பயறு வகை என்பதால் கைப்பிடிக்கு மேல் வேண்டாம். சந்தையில் வாங்கும் கீரையில் மருந்து தெளித்திருக்கும். அலசி அலசிக் கழுவ வேண்டும். கேரட் பண்டிகைப் பலகாரம் மாதிரி, நாளுக்கு ஒரு துண்டு. சோறு, பிஸ்கட், பொட்டுக்கடலை கூடாது. இரண்டு கிலோ முயலுக்கு வெயில் காலத்தில் கால் லிட்டர் தண்ணீர்கூட ஆகும். மண் கிண்ணத்தில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும், கவிழவும் செய்யாது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கை நீட்டினால் கிடைப்பவை இரண்டு. ஒன்று குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியின் தழை. மரவள்ளி இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு நஞ்சை வெளியிடும் பொருள் இருக்கிறது. ஆட்டுக்குக் கொடுக்கிறோமே என்று பசுந்தழையை முயலுக்குப் போடக் கூடாது. முற்றாத இளஞ்சோளப் பயிரிலும் அதே நஞ்சு உண்டு. மாடு தின்று சாய்வதை இந்தப் பக்கத்து விவசாயிகள் அறிவார்கள். மற்றொன்று கோழித்தீவனம். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் அது எந்த வீட்டிலும் ஒரு படி கிடைக்கும். சில கோழித்தீவனங்களில் இரத்தக்கழிச்சல் நோயைத் தடுக்கச் சேர்க்கும் சாலினோமைசின், நராசின் போன்ற மருந்துகள் முயலுக்கு விஷம். அவசரத்துக்கு ஒரு நாள் என்றுகூட அதைக் கொடுக்க வேண்டாம். பூசணம் பிடித்த கடலைக்கொடியும் அரளி, எருக்கு இலைகளும் இதே பட்டியலில் சேரும்.

முயல் தன் புழுக்கையைத் தானே தின்பதைக் கண்டு பலர் முகம் சுளித்துத் தடுக்கிறார்கள். குடலின் ஒரு பகுதியில் நொதித்து, திராட்சைக் கொத்துபோல் மென்மையாக வருவது தனிப் புழுக்கை. அதை வாயாலேயே வாங்கித் தின்றால்தான் அதிலிருக்கும் சத்து உடம்பில் சேரும். உருண்டையாய், காய்ந்து விழுவதே கழிவு.

வீட்டில் ஏற்கெனவே முயல் இருந்தால்

துணையாக இருக்கட்டும் என்று இரண்டையும் ஒன்றாக ஓடவிடுவது பெரிய தவறு. அறிமுகமில்லாத இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று குதறிக்கொள்ளும். ஆணும் பெண்ணும் என்றால் சில நொடிகள் போதும். சேர்க்கையின் தூண்டுதலிலேயே முயலுக்குக் கருமுட்டை வெளிப்படும். 31 நாள் கழித்து, முயலைத் திருப்பி வாங்கிச் சென்றவர் வீட்டில் குட்டிகள் இருக்கும். இரண்டுக்கும் ஓட்டத்தைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். விரிப்பையும் மண் தொட்டியையும் மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். சொறியும் காதுப் பூச்சியும் அவற்றின் வழியாகவும் தாவும். எவ்வளவு சாதுவான வீட்டு நாயானாலும் முயல் ஓடும்போது அறைக்கு வெளியே இருக்கட்டும். ஓடுவதைத் துரத்துவது நாயின் இரத்தத்தில் ஊறியது.

எப்போது மருத்துவரிடம் ஓடுவது

தினமும் காலையில் கூண்டைச் சுத்தம் செய்யும்போது புழுக்கையைப் பார்ப்பதே சிறந்த பரிசோதனை. நேற்றைவிடக் குறைந்திருந்தாலோ, அளவில் சிறுத்திருந்தாலோ, மணி கோத்ததுபோல் மயிரில் கோத்து வந்தாலோ புல்லையும் தண்ணீரையும் கூட்டி, ஓட்டத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். புழுக்கை அறவே நின்று, முதுகைக் கூனிப் பல்லை நறநறவென்று கடித்தால் அது வலி. அப்போது கூண்டோடு மருத்துவமனைக்குத்தான். தடவும்போது மெல்லப் பல்லரைப்பது வேறு, அது சுகம். சிறுநீர் செம்மஞ்சளாக இருப்பது பெரும்பாலும் தீவனத்தின் நிறமே. சொட்டுச் சொட்டாக முக்கினால்தான் கவலை.

வெயில் தாக்கம் வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். காது தொட்டால் கொதிக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். மூக்கைச் சுற்றி ஈரம் கோக்கும். நீட்டிப் படுத்து எழாது. உடனே நிழலான, குளிர்ந்த அறைக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதுகளை ஒற்றியெடுக்க வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் காது ஈரமாகவே இருக்கட்டும்.

இந்த நிலை வராமல் காப்பதற்குச் செலவு அதிகமில்லை. சிமெண்ட் சீட் கூரைக்கு அடியில் கூண்டை வைக்கக் கூடாது. பகலில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றிக் கூண்டுக்குள் வைத்தால் முயல் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். மின்விசிறி மட்டும் போதாது. வியர்க்காத உடம்பைக் காற்று மட்டும் குளிர்விக்காது. ஜன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் உள்ளே வரும் காற்றே குளிர்ந்து வரும்.

வீட்டில் கிடக்கும் மருந்து எதையும் கொடுத்துப் பார்க்கக் கூடாது. வாய்வழியாகக் கொடுக்கும் பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்குகள் முயலின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிருக்கே ஆபத்தாகும். நாய் உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு நஞ்சு.

திருப்பிக் கொடுக்கும் நாள்

வந்த நாளில் தொடங்கிய நோட்டில் ஒவ்வொரு நாளும் நான்கு வரி எழுதினால் போதும்: காலை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓடியது, மாலை எவ்வளவு நேரம், புல் எவ்வளவு காலியானது, புழுக்கை எப்படி. கடைசி நாளில் எடை போட்டுக் கீழே எழுதிவிடலாம். சொந்தக்காரர் வந்ததும் முயலோடு அந்த நோட்டையும் கொடுக்க வேண்டும்.

பயண அலுப்பில் கூண்டை வீட்டு மூலையில் வைத்துவிட்டு உறங்கப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் காலையும் மாலையும் ஓடிப் பழகிய முயல் அன்றைக்கும் ஏழு மணிக்குக் கதவருகே வந்து கம்பியைக் கடிக்கும். "ஏழு மணிக்கு மறக்காம திறந்து விட்டுருங்க கண்ணு. ஜமுக்காளத்தை மட்டும் விரிச்சுக்குங்க, இல்லைன்னா வழுக்கும்" என்று சொல்லி, மடித்த ஜமுக்காளத்தைக் கூண்டின் மேல் வைத்துக் கொடுத்தனுப்பலாம்.